ஒன்பதாவது பெயர்

கணக்கு வாத்தியார் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்த ஒரு பெண்மணிக்குச் சீடராக இருந்தார் என்றால் நம்புவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதிலும் சீடருக்கு வயது ஐம்பத்தாறு, குருவுக்கு நாற்பத்து மூன்று. மலைக்கு மேலே செங்காட்டுப்புதூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிள்ளைகளே கேலி பேசுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், "சார் டிக்கெட் வாங்கக் கெளம்பிட்டார்டா" என்பார்கள்.

தணிகாசலத்துக்கு அது தெரியும். தெரிந்தும் போவார்.

குருவின் பெயர் அங்கயற்கண்ணி. பதினாலு வருஷம் மலைப்பாதை பஸ்ஸில் விசில் ஊதியவர். ஒரு நாள் தோல்பையைக் கழற்றி டெப்போவில் ஒப்படைத்துவிட்டு, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் சுனைக்குப் பக்கத்தில் இடிந்து கிடந்த சாவடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "எறங்கற எடம் வந்துச்சு, எறங்கிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீரும் கேழ்வரகுக் கூழும் கொடுப்பார். கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. ஆறு வருஷத்தில் அவர் தணிகாசலத்திடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு நோட்டில் பாதி நிரம்பாது.

அந்த வெள்ளிக்கிழமை தணிகாசலம் பையில் ஒரு படிவத்தோடு வந்தார். பெயர் எழுத அதில் பத்து வரிகள் இருந்தன. பத்தும் காலி.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க வாத்தியாரே."

"பத்துப் பேரு சேந்தாத்தான் ஒருத்தி படிக்கலாம்னு ஒரு சட்டம். இது நியாயமா?"

குரு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சட்டத்த யாரு போட்டாங்க?"

"வாரியம்."

"அப்ப வாரியத்துக்கிட்டத்தான கேக்கணும்?"

"எழுதிக் கேட்டேன். மூணு தடவ. பதில் இல்லீங்க."

சங்கதி இதுதான். போன வருஷம் கல்வி வாரியம் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கூடுதல் கணிதம் என்று ஒரு புதுப் பாடத்தைக் கொண்டுவந்தது. வழக்கமான கணக்கோடு இதையும் எடுத்துத் தேறினால், கல்லூரியில் இடம் தரும்போது இருபத்தைந்து மதிப்பெண் வரை கூட்டிப் போடுவார்கள். அதற்காகக் கணினிப் பாடத்தை விட்டுவிட வேண்டும். தேறாவிட்டால் கூட்டிப் போடுவதும் இல்லை, விட்ட பாடமும் திரும்பி வராது. தவறியவர் என்று சான்றிதழில் மட்டும் அச்சாகி வரும். ஒரு பள்ளியில் குறைந்தது பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால்தான் பாடமே திறக்கும்.

கீழே நகரத்துப் பள்ளிக்கூடங்களில் பத்துப் பேர் என்பது இரண்டு பெஞ்சில் அடங்குகிற கணக்கு. செங்காட்டுப்புதூரில் கணக்குப் பிரிவில் மொத்தமே இருபத்திரண்டு பிள்ளைகள். சட்டம் எழுதிய புண்ணியவானுக்கு மலை ஏறிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

"போன வருஷம் என்ன பண்ணுனீங்க?" என்றார் குரு.

"அபிநயான்னு ஒரு பொண்ணு இருந்துச்சு. நான் பாதி சொல்றதுக்குள்ள மீதிய அது சொல்லும். அதுக்காகப் பாடத்தத் தெறந்தே ஆகணும்னு நின்னேன். இன்னும் ஒம்பது பேரு வேணும். வகுப்புல பேசுனேன், வீடு வீடாப் போயிப் பேசுனேன். சும்மா பேருக்கு உக்காந்தாப் போதும், பாஸ் பண்ண வைக்கறது எம் பொறுப்புன்னேன்."

"வச்சீங்களா?"

"அபிநயா தொண்ணூத்தாறு. எஞ்சினியரிங் காலேஜுக்குப் போயிடுச்சு. மத்த ஒம்பது பேருல நாலு பேரு தத்தித் தத்திப் பாஸ். அஞ்சு பேரு போச்சு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாத ஒன்று அவருக்குள் இருந்தது. அந்த ஒரு வருஷம் அவர் சந்தோஷமாக இருந்தார். மனைவி கீழே மகன் வீட்டில் இருந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக மலை இறங்கிவிட்டார்கள். இருபத்தாறு வருஷமாகக் கணக்கைப் பற்றிப் பேச அந்த மலையில் ஒரு ஆள் கிடையாது. அபிநயா வந்தாள். கரும்பலகை முன்னால் அவர் சிரித்துப் பேசினார். பரீட்சை முடிந்தது, அவள் போய்விட்டாள், இரண்டு தடவை போன் செய்தாள். அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மனுஷன் குரலே கேட்காத ஊராக இருந்தது அது.

"இந்த வருஷம்?"

"யாமினி. மெளகு பறிக்கறவரு பொண்ணு. அதுவே வந்து கேட்டுச்சு. 'சார், எனக்கும் கூடுதல் கணக்கு வேணும்'னு. மறுபடியும் ஒம்பது பேரு வேணும். திங்கக்கெழம அஞ்சு மணிக்குள்ள கீழ ஆபீசுல படிவத்தக் குடுக்கணும்."

"கேட்டாப் பிள்ளைங்க போடாதா?"

"போட்டுடும். அதாங்க பயமா இருக்குது." தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "யாமினிக்கு இல்லேன்னு சொன்னா அநியாயம். மத்த ஒம்பது பேரக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்டா அதுவும் அநியாயம். ரெண்டுல எது சின்னதுன்னு நீங்கதான் சொல்லணும்."

குரு சிரித்தார். "பெருசு சின்னது பாக்கறது உங்க தொழிலு வாத்தியாரே. எங்கிட்டக் கேக்கறீங்க."

தணிகாசலம் படிவத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டார்.

"சரி. போன வருஷத்து ஒம்பது பேரு யாரு? பேரச் சொல்லுங்க."

"வடிவேலு."

குரு ஒரு கடலைப் பருப்பை எடுத்துத் தரையில் வைத்தார்.

"ரம்யா. காட்டுக்கொட்டாய் கார்த்தி. கடைக்காரரு மகன் கார்த்தி. சௌமியா. பெரியண்ணன். அந்தத் தபால்காரரு பொண்ணு… ஆங், வினோதினி. தர்மன்."

தரையில் எட்டுப் பருப்புகள் ஆயின. ஒன்பதாவதை விரலில் பிடித்தபடி குரு காத்திருந்தார்.

தணிகாசலம் கண்ணை மூடிப் பார்த்தார். வகுப்பறை தெரிந்தது. பெஞ்சுகள் தெரிந்தன. கடைசி பெஞ்சில், ஜன்னல் பக்கம், ஒரு பின்னல் தெரிந்தது. முகம் வரவில்லை. பெயரும் வரவில்லை. ஆயிரத்துக்குள் இருக்கிற பகா எண்கள் நூற்று அறுபத்தெட்டையும் மூச்சு விடாமல் சொல்லக்கூடியவர் அவர்.

"நாக்குல நிக்குதுங்க."

"நிக்கட்டும்."

சுனைத் தண்ணீர் கல்லில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"பள்ளிக்கூடத்துல பதிவேடு இருக்குதும்மா. காலையில பாத்துச் சொல்லிடறேன்."

"பதிவேட்டுல மையில எழுதுனதுதான் இருக்கும். அது வேண்டாம். யாரு வாயிலயாவது அந்தப் பேரு இருக்கும். கேட்டுட்டு வாங்க."

"கேட்டுட்டு வந்தா எனக்குப் பதில் சொல்லுவீங்களா?"

"கேட்டுட்டு வாங்க வாத்தியாரே."

ஒன்பதாவது பருப்பை அவர் வாயில் போட்டுக்கொண்டார். தணிகாசலம் எழுந்து மேலே நடந்தார். மூன்று கிலோமீட்டர் ஏற்றம். வழியெல்லாம் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வராத பெயர் வரவே இல்லை. ஒரு வருஷம் முழுக்கத் தன் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தான் பார்க்கவே இல்லை என்பது வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். வடிவேலு மினி லாரியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தான். தவறிப்போன அஞ்சு பேரில் அவன் ஒருவன். இருபத்தெட்டு மதிப்பெண். வாத்தியாரைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தான்.

"சார், வாங்க சார். டீ சாப்பிடலாம்."

"நான் வாங்கித் தர்றேன்டா."

"எங்கூட்டுக்கு வந்தவரு நீங்க. நீங்க வாங்குனா நல்லாவா இருக்கும்?" என்றான். அவன் வீடு என்று சொன்னது லாரி நின்ற இடத்தை.

டீ வந்தது. தணிகாசலம் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"எம் மேல கோவம் இல்லையாடா?"

"எதுக்கு சார்?"

"பாஸ் பண்ண வைக்கறேன்னு சொன்னேனே."

வடிவேலு டீயை ஆற்றிக் குடித்தான். "கல்யாணப் பொண்ணுக்குத் தொணைக்குப் போற மாதிரி அபிநயாவுக்குத் தொணைக்குப் போனோம் சார். தொணைப் பொண்ணுக்கு யாரும் தாலி கட்ட மாட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது தணிகாசலத்துக்கு.

"வடிவேலு, உங்க கூட ஒம்பதாவதா ஒரு பொண்ணு இருந்துச்சே. கடைசி பெஞ்சு, ஜன்னல் பக்கம்."

"கோகிலா சார். என்ன சார், மறந்துட்டீங்களா?" அவன் வியப்பாகப் பார்த்தான். "எங்க எல்லாருக்கும் வீட்டுக்கணக்கு அவதான போட்டுக் குடுப்பா."

"அந்தப் பொண்ணா?"

"ஒரு தடவ ஒம்பது நோட்டுலயும் ஒரே தப்பு இருக்குதுன்னு எங்கள நிக்க வச்சுத் திட்டுனீங்களே. அது அவ போட்ட தப்பு சார். அவளுந்தான் நின்னா."

"இப்ப எங்க இருக்குது?"

"கீழ, சேகோ மில்லுல. களத்துல ஜவ்வரிசி காய வைக்கற வேல. ஃபெயிலாயிடுச்சுன்னு அவங்கப்பா கொண்டுபோயிச் சேத்துட்டாரு."

சேகோ மில் இருந்தது மலையடிவாரத்தில். போய்வர அரை நாள் ஆகும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவு செய்துகொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். அன்றைக்கு வேலை நாள்.

பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தபோது அவர் மனசில் ஒரு உரை இருந்தது. போன வருஷம் பேசிய அதே உரை. நன்றாகவே பலித்த உரை. வாயைத் திறந்தார், அது வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"போன வருஷம் கூடுதல் கணக்குல அஞ்சு பேரு ஃபெயிலு. நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், பாத்துக்கல. இந்த வருஷமும் அது கஷ்டமாத்தான் இருக்கும். கம்ப்யூட்டர விடணும். தவறுனா சான்றிதழ்ல வரும். பத்துப் பேரு சேரலேன்னா பாடம் கெடையாது. வேணுங்கறவங்க வீட்டுல கேட்டுட்டுச் சாயங்காலம் வாங்க. வேண்டாங்கறவங்க வேண்டாம். யாரையும் நான் கூப்பிட மாட்டேன்."

யாமினி முதல் பெஞ்சில் இருந்தாள். அவள் முகம் சுருங்கியதை அவர் பார்த்தார். இப்படிப் பேசினால் எவன் வருவான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் ஆசிரியர் அறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யாமினி ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். எட்டிப் பார்த்தால் அவளுக்குப் பின்னால் இன்னும் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் போன பரீட்சையில் நாற்பது தாண்டாதவன்.

"உனக்கு எதுக்குடா இது?"

"தெரியல சார். கஷ்டம்னு சொன்னீங்கல்ல, என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்னு."

தணிகாசலம் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை மாசம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. ஒன்பது கையெழுத்து விழுந்தது. ஒரு வரி மிச்சம் இருந்தது.

எல்லோரும் போன பிறகு யாமினி மட்டும் நின்றாள்.

"இன்னும் ஒரு ஆள் கெடைக்கலேன்னா சார்?"

"கெடைக்கும்மா."

"கெடைக்கலேன்னா?"

அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பாடம் இல்லை" என்றார்.

அவள் அழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். அது அழுததைவிட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மலை இறங்கினார். சேகோ மில்லின் சிமெண்டுக் களம் ஒரு ஏக்கர் இருக்கும். அதன் மேல் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று பரப்பிக் கிடந்தது. வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. முக்காடு போட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் பலகையால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த முக்காட்டுக்குள் கோகிலா இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தாலும் தெரியப்போவதில்லை.

"கோகிலா!" என்று களத்து ஓரத்தில் நின்று கூப்பிட்டார்.

ஒரு முக்காடு திரும்பியது. பலகையைப் போட்டுவிட்டு ஓட்டமாக வந்தது.

"சார்! நீங்களா? யாருக்கு என்ன ஆச்சு சார்?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா."

அவள் மூச்சு வாங்க நின்றாள். கண் இமையில்கூட மாவு படிந்திருந்தது. தணிகாசலம் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் பார்த்திருக்க வேண்டிய முகம்.

"உம் பேரு எனக்கு மறந்துபோச்சும்மா. வடிவேலு சொல்லித்தான் தெரிஞ்சுது. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எத்தனையோ சமாதானம் யோசித்து வைத்திருந்தார். வாயில் வந்தது இதுதான்.

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? இங்க மேஸ்திரிக்குக்கூட எம் பேரு தெரியாது. 'ஏ புள்ள'ம்பாரு."

இருவரும் களத்து ஓரமாக வேப்பமர நிழலில் நின்றார்கள்.

"எல்லாருக்கும் வீட்டுக்கணக்கு நீதான் போட்டியாமே?"

அவள் பதறினாள். "அவங்களுக்கு நேரம் இருக்காது சார். நானாத்தான் போட்டேன்."

"திட்டல. அத்தனையும் போட்ட பொண்ணு பரீட்சையில எப்படித் தவறுன?"

"ஒரே கணக்குல உக்காந்துட்டேன் சார்." காலால் மண்ணைக் கீறினாள். "நீங்க சொல்லிக் குடுத்த வழியில போட்டா அரைப் பக்கம் வருது. அத விடச் சின்னதா ஒரு வழி இருக்கற மாதிரி இருந்துச்சு. அதையே தேடிக்கிட்டு இருந்தேன். மணி அடிச்சுட்டாங்க."

"கெடைச்சுதா, அந்த வழி?"

"வீட்டுக்குப் போற பஸ்ல கெடைச்சுது."

அபிநயாவுக்குக்கூட அப்படி ஒரு கிறுக்குப் பிடித்ததில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது, இருபது வயதில், ஒரே ஒரு தடவை.

"இதெல்லாம் எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஒரு தடவ எந்திரிச்சுக் கேட்டேன் சார், போன ஆடியில."

"என்ன கேட்ட?"

"மைனஸ் ஒண்ணுக்கு வர்க்கமூலமே கெடையாதுன்னு பத்தாவது வரைக்கும் சொன்னாங்க. அப்பறம் நீங்க வந்து, இல்லாட்டிப் போகுது, அதுக்கு ஒரு எழுத்து வச்சுக்கலாம்னீங்க. வச்சதும் எல்லாக் கணக்கும் வந்துடுச்சு. அதே மாதிரி பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுங்கறோமே, அதுக்கும் ஒரு எழுத்து வச்சுக்கிட்டா என்ன சார்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

கோகிலா தயங்கினாள். "சிலபஸ்ல இல்லாதது எதுக்கு, உக்காருன்னீங்க."

களத்தில் மேஸ்திரி யாரையோ அதட்டினார். ஜவ்வரிசியைத் தள்ளும் பலகைகள் சரசரத்தன. அந்தக் கேள்வி காதில் விழத்தான் இருபத்தாறு வருஷமாகக் குவார்ட்டர்ஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம் என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. கேள்வி வந்திருக்கிறது. ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து நின்று வந்திருக்கிறது. அவர் அதை உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"அருமையான கேள்விம்மா" என்றார். "எம் புத்தியச் செருப்பாலதான் அடிச்சுக்கணும். ரொம்ப அருமையான கேள்வி."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவருக்கு விதி ஒன்று ஞாபகம் வந்தது. படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த விதி. தவறியவர்கள் அதே பள்ளியில் மறுபடி சேர்ந்து எழுதலாம், பத்துப் பேர் கணக்கில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மனசு துள்ளியது. அவசர அவசரமாகப் பையைத் திறந்தார்.

"கோகிலா, நீ மறுபடி சேர்றியா? சாயங்கால வகுப்புதான். யாமினின்னு ஒரு பொண்ணு இருக்குது. ஒம்பது பேரு ஆயிட்டாங்க. நீ வந்தாப் பத்து!"

"நானா சார்? ஃபெயிலானவ."

"நீ பாஸ் பண்ணிடுவ. எந்தக் கணக்குலயும் உக்காராம எப்படிப் போறதுன்னு நான் சொல்லித் தர்றேன். அப்பாகிட்ட நான் பேசறேன்."

அவள் களத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நாலு மணிக்கு விட்டுடுவாங்க சார். நாலர பஸ்ஸப் புடிச்சா ஆறு மணிக்கு வந்துடலாம்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பத்தாவது வரியில் கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் ஓரத்தில் மாவு விரல் பதிந்தது. "சார்…" என்று அவள் ஏதோ சொல்ல வந்தபோது ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மலைக்குப் போகிற பஸ். விட்டால் மூன்று மணி நேரம் ஆகும். தணிகாசலம் கையசைத்துவிட்டு ஓடினார்.

அவளுடைய அப்பாவைப் பார்க்க அன்று சாயங்காலமே போனார். மனிதர் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு, "படிச்சுக்கட்டும், மில்லு எங்க போயிடப் போகுது" என்று விட்டுக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை, கீழே நகரத்துக்குப் போகிற வழியில், தணிகாசலம் சாவடியில் இறங்கினார். குரு கூழ்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒம்பதாவது பேரு கோகிலா."

"யாரு சொன்னா?"

"வடிவேலு."

"அந்தப் பொண்ணப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பாத்ததோட இல்லீங்க, இதப் பாருங்க." படிவத்தை நீட்டினார். "யாரையும் கெஞ்சல. உள்ளத உள்ளபடி சொன்னேன். ஒம்பது பேரு அவங்களா வந்தாங்க. பத்தாவது யாருன்னு பாருங்க. அதே கோகிலா. மறந்துபோன பொண்ணே வந்து பாடத்தத் தெறந்து வச்சிருச்சு!"

குரு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கினார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து வாய்விட்டு வாசித்தார். பத்துப் பெயரையும் வாசித்தார். மாவு விரல் பதிந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

தணிகாசலத்துக்குப் பேச்சு நிற்கவில்லை. களம், முக்காடு, ஒன்பது நோட்டில் ஒரே தப்பு, பஸ்ஸில் கிடைத்த குறுக்கு வழி, எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கேள்வியையும் சொன்னார். தான் அதட்டி உட்கார வைத்ததையும் மறைக்காமல் சொன்னார்.

"எனக்குக் கணக்குத் தெரியாது வாத்தியாரே. நல்ல கேள்விங்களா அது?"

"நல்ல கேள்வியான்னா கேக்கறீங்க! பெரிய பெரிய ஆளுங்க மண்டைய ஒடைச்சுக்கிட்ட கேள்விங்க அது. பதில் சொல்ல ஆரம்பிச்சா ஒரு நாள் பத்தாது. எழுத்து வைக்கலாம், ஆனா வச்சா வேற ஒண்ணு கையவிட்டுப் போகும். எது போகுதுன்னு பாக்கறதுலதான் ருசியே இருக்குது."

"அப்படியா" என்றார் குரு. படிவத்தை மடித்து அவரிடம் கொடுத்தார். "இத நேத்து அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்களா?"

தணிகாசலம் வாயைத் திறந்தார்.

நேற்று அவளிடம் என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். விதியைச் சொன்னார். வகுப்பு நேரத்தைச் சொன்னார். அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னார். நீ வந்தால் பத்து என்று சொன்னார்.

வளைவில் நகரத்துக்குப் போகிற பஸ் வந்து நின்றது. டிரைவர் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தார்.

"அஞ்சு மணிக்குள்ள ஆபீசுல குடுக்கணும்மா" என்றார் தணிகாசலம். சொல்லும்போதே குரல் தேய்ந்தது.

"ஆபீசு அஞ்சு மணி வரைக்கும் தெறந்திருக்கும். மில்லு வழியிலதான இருக்குது?" குரு கவிழ்த்த பானையை நிமிர்த்திச் சுனைத் தண்ணீரில் பிடித்தார். "அந்தப் பொண்ணு ஒரு வருஷமா நின்னுக்கிட்டு இருக்குது, வாத்தியாரே."